காலேஜ் ஃபுட்பால் ஸ்டேடியத்தின் பெயர் உரிமையை விற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2025 ஜூன் 6-ஆம் தேதி ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கு) சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறைகளில் எந்தப் பேச்சை எடுத்தாலும் பணத்தில்தான் வந்து நிற்கிறது. வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2.05 கோடி டாலர். டிக்கெட் விலையை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது, டிவி பணம் கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) போட்ட ஒப்பந்தப்படிதான் வரும், நன்கொடையாளர்களிடம் ஏற்கெனவே பலமுறை கேட்டாகிவிட்டது. அதனால் இதுவரை தொடாமல் வைத்திருந்த ஸ்டேடியத்தின் பெயர் மீது எல்லோர் கண்ணும் விழுந்திருக்கிறது.

விளையாட்டு நிர்வாகம் படிப்பவர்கள், இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள், தாங்கள் படித்த பல்கலைக்கழகம் என்ன கையெழுத்துப் போடுகிறது என்று புரிந்துகொள்ள நினைக்கும் பழைய மாணவர்கள் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். (ஃபுட்பால் என்று நான் சொல்வது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலை.) முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: செய்தியில் வரும் அந்தப் பெரிய தொகையைவிட, சுவரில் ஏற்றிய பெயரை ஒருநாள் எப்படி இறக்கப் போகிறோம் என்பது முக்கியம். இந்தத் துறையில் மானம் போன பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் விலையில் ஏமாந்தவை இல்லை. ஏறும்போது இறங்கும் வழியைப் பார்க்காதவை.

முதல் படி: இந்தப் பெயரை விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

கேட்கவே வேடிக்கையாக இருக்கும், ஆனால் பாதி விவகாரம் இங்கேதான் கிளம்புகிறது. கட்டடம் பல்கலைக்கழகத்துடையது என்பதாலேயே பெயரும் அதன் கையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய நன்கொடைப் பத்திரங்களைத் தோண்டி எடுங்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பணம் கொடுத்தபோது "இந்த மைதானம் என்றென்றும் இன்னார் பெயரில் இருக்கும்" என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

'என்றென்றும்' என்ற சொல் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1980-இல் திறந்த அரங்கத்துக்கு ஏசி தயாரிக்கும் கேரியர் கம்பெனி 27.5 லட்சம் டாலர் கொடுத்தது, கேரியர் டோம் என்று பெயர் வைத்தார்கள், முடிவு தேதி என்று ஒன்றைப் போடவில்லை. பல பத்தாண்டுகள் அந்த அரங்கத்துக்குள் ஏசியே கிடையாது என்பது தனிக்கதை. மற்ற ஊர்களில் பெயர் விலை கோடிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது சிரக்யூஸால் தன் அரங்கத்தின் பெயரைச் சந்தைக்கே கொண்டுவர முடியவில்லை. 2022-இல்தான் அது ஜேஎம்ஏ வயர்லெஸ் டோம் ஆனது.

அடுத்தது, குழுமத்தின் அனுமதி. மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் ரீஜென்ட்ஸ் அல்லது டிரஸ்டீஸ் எனப்படும் நிர்வாகக் குழுமத்தினர் வாக்களிக்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டம் பொதுமக்கள் முன்னால் நடக்கும், ஆவணங்களைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்குவார்கள். அதனால் எந்த மின்னஞ்சலும் நாளைக்கு நாளிதழில் வரலாம் என்று நினைத்தே எழுதுங்கள். மைதானம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் உரிமையாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், நிறையப் பேர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. லியர்ஃபீல்டு, பிளேஃப்ளை, ஜேஎம்ஐ மாதிரியான கம்பெனிகளிடம் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஸ்பான்சர் உரிமைகளை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருக்கும். அந்தக் குத்தகைக்குள் ஸ்டேடியம் பெயரும் அடக்கமா, இல்லை தனியாக விடப்பட்டிருக்கிறதா? அடக்கம் என்றால் விற்கும் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு போகும்? இது தெரியாமல் ஒரு கம்பெனி முதலாளியோடு காபி குடிக்கக்கூடப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: ஸ்டேடியத்தை விற்கிறீர்களா, புல்தரையை விற்கிறீர்களா?

கடந்த பத்து ஆண்டுகளில் இந்தத் துறை கற்றுக்கொண்ட நல்ல தந்திரம் இது. ஸ்டேடியத்தின் பெயரைத் தொடாதே, உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கு மட்டும் பெயர் விற்றுக்கொள். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2015-இல் அலாஸ்கா ஏர்லைன்ஸுக்கு விற்றது ஆடுகளத்தை. ஸ்டேடியம் இன்றும் ஹஸ்கி ஸ்டேடியம்தான். ஒஹாயோ ஸ்டேட் 2022-இல் தன் ஊர்க் கார்க் கண்ணாடி கம்பெனியான சேஃப்லைட்டுக்கு இதையே செய்தது. இந்தியானா மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் மெர்ச்சன்ட்ஸ் பேங்க் ஃபீல்டு இருக்கிறது. பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்துக்குள் 2025 முதல் வெஸ்ட் ஷோர் ஹோம் ஃபீல்டு இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் நடத்தும் வீட்டுப் புதுப்பிப்பு கம்பெனி அது.

இன்னும் ஒரு படி மேலே போனது டென்னசி. அங்கே நேலண்ட் ஸ்டேடியத்தின் பெயரை மாற்றினால் ஊரே எரியும். எனவே 2024-இல் பைலட் என்ற ஹைவே பெட்ரோல் பங்க் கம்பெனியோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டு, 'நேலண்ட் என்ற பெயரைக் காப்பாற்றிக் கொடுத்த கம்பெனி' என்ற நல்ல பெயரையே அதற்கு விற்றார்கள். எனக்கு இதில் உண்மையான மரியாதை உண்டு. ரசிகன் எதை இழக்கப் பயப்படுகிறானோ அதைப் பத்திரமாக வைத்திருப்பதற்கே விலை வாங்குவது சுலபமான வேலை இல்லை.

எது உங்களுக்குப் பொருந்தும்? புதிதாகக் கட்டும் ஸ்டேடியம் என்றால் முழுப் பெயரையும் தாராளமாக விற்கலாம், யாருக்கும் பழைய ஞாபகம் இல்லை. சான் டியேகோ ஸ்டேட்டின் ஸ்னாப்டிராகன் ஸ்டேடியம் அப்படி வந்ததுதான். போரில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பியது என்றால் கையை வைக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் மெமோரியல் கொலிசியத்தை நிர்வகிக்கும் யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), 2018-இல் யுனைடெட் ஏர்லைன்ஸோடு 6.9 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டு 'யுனைடெட் ஏர்லைன்ஸ் மெமோரியல் கொலிசியம்' என்று வைக்கப் போனது. அது முதல் உலகப் போர் வீரர்களின் நினைவுச் சின்னம். முன்னாள் ராணுவத்தினர் கொந்தளித்தார்கள், கடைசியில் கம்பெனியின் பெயர் ஆடுகளத்துக்கு இறங்கியது. இந்த முடிவை முதல் நாளே எடுத்திருந்தால் ஒரு வருடத் தலைவலி மிச்சம்.

மூன்றாம் படி: விலை

மற்றவர்கள் என்ன வாங்கினார்கள் என்பதில் தொடங்குங்கள், ஆனால் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கென்டக்கி 2017-இல் குரோகர் மளிகைக் கடைக்குப் பெயரை விற்றது 12 ஆண்டுக்கு 2.22 கோடி டாலருக்கு, ஆண்டுக்கு 18.5 லட்சம். லூயிவில் 2023-இல் எல் அண்ட் என் கிரெடிட் யூனியனிடம் (உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு வங்கி மாதிரி) வாங்கியது 20 ஆண்டுக்கு 4.13 கோடி, ஆண்டுக்கு 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஜார்ஜியா டெக்குக்கு ஹுண்டாய் 20 ஆண்டுக்கு 5.5 கோடி. அரிசோனாவுக்கு கேசினோ டெல் சோல் 20 ஆண்டுக்கு 6 கோடி. வாஷிங்டனுக்கு அலாஸ்கா 10 ஆண்டுக்கு 4.1 கோடி, அதாவது ஆண்டுக்கு 41 லட்சம், அதுவும் ஆடுகளத்துக்கு மட்டும். பாய்சி ஸ்டேட் 2014-இல் ஆல்பர்ட்சன்ஸிடம் வாங்கியது 15 ஆண்டுக்கு 1.25 கோடிதான். கான்ஃபரன்ஸ், டிவியில் எத்தனை ஆட்டம், ஊரின் அளவு, ஊரிலேயே பெரிய கம்பெனி இருக்கிறதா என்பதைப் பொறுத்து இவ்வளவு வித்தியாசம் வருகிறது.

வகுத்த பிறகு ஒரு கணக்கு பாக்கி. '20 ஆண்டுக்கு 5 கோடி' என்றால் ஆண்டுக்கு 25 லட்சம். கடைசி ஆண்டில் வரும் 25 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு எவ்வளவு? 5 சதவீத வட்டி வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 5 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 3.1 கோடிதான். எனவே ஆண்டுதோறும் தொகை உயரும்படி எழுதச் சொல்லுங்கள். 2 சதவீதமோ 3 சதவீதமோ, ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

விலைக்குள் என்னென்ன சேர்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். வெளிச்சுவர் எழுத்து, ஸ்கோர்போர்டு, டிக்கெட், நேரலையில் அறிவிப்பாளர் சொல்லும் பெயர், ஆட்டம் பார்க்க ஒரு சொகுசுத் தனி அறை, இத்தனை டிக்கெட், கேம்பஸுக்குள் ஏடிஎம். 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ விதியைத் தளர்த்தி, வழக்கமான சீசன் ஆட்டங்களிலும் புல்தரையில் விளம்பர லோகோ போடலாம் என்றது: நடுக்கோட்டில் ஒன்று, வேறு இடங்களில் சிறியதாக இரண்டு. பெயர் வாங்குபவர் நடுக்கோடு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே வருவார். அதைத் தனியாக இன்னொருவருக்கு விற்கும் எண்ணம் இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: யாரிடம் போவது?

பட்டியலைப் பாருங்கள், கிரெடிட் யூனியன்கள் வரிசை கட்டி நிற்கின்றன. லூயிவில், அரிசோனா ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட், ஹூஸ்டன், கொலராடோ ஸ்டேட், சான் ஹோசே ஸ்டேட். காரணம் சுலபம்: அவர்களுக்கு வேண்டியது ஊர்க்காரர்கள் கணக்குத் திறப்பது, அதிலும் பதினெட்டு வயதில் முதல் கணக்கு திறக்கும் மாணவர்கள். நாடு முழுக்க இருக்கும் ஒரு பெரிய பிராண்டுக்கு உங்கள் ஊர் ஒரு புள்ளி. உள்ளூர்க் கிரெடிட் யூனியனுக்கோ, வட்டார வங்கிக்கோ, மருத்துவமனைக் குழுமத்துக்கோ உங்கள் ரசிகர் கூட்டம்தான் மொத்தச் சந்தை. அங்கே முதலில் போங்கள்.

ஏற்கெனவே கைவசம் இருக்கும் ஸ்பான்சர்களோடு மோதுகிறதா என்று பாருங்கள். கேம்பஸில் ஒரு வங்கிக்குத் தனி உரிமை கொடுத்திருந்தால் இன்னொரு வங்கியின் பெயரை ஸ்டேடியத்தில் எழுத முடியாது.

அடுத்தது ஆளைச் சரிபார்ப்பது, இங்கே பொறுமை வேண்டும். ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் 2013 பிப்ரவரியில் தன் ஸ்டேடியத்தின் பெயரை 12 ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு ஜியோ குரூப்புக்குக் கொடுத்தது. அது தனியார் சிறைகள் நடத்தும் கம்பெனி. அணியின் சின்னம் ஆந்தை. மாணவர்கள் ஆந்தையையும் அல்கட்ராஸ் சிறையையும் சேர்த்து 'ஆவுல்கட்ராஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், தலைவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள், ஏப்ரல் தொடக்கத்தில் கம்பெனியே விலகிக்கொண்டது. கம்பெனியின் தலைவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரியப்போகும் மாணவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனவே கையெழுத்துக்கு முன் மாணவர் பிரதிநிதிகள், பழைய வீரர்கள், ஆசிரியர் மன்றம் ஆகியோரில் சிலரை ரகசியமாகவாவது கூப்பிட்டு, இந்தத் தொழில் செய்பவரின் பெயர் இங்கே இருந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை சூதாட்டம், கிரிப்டோ இரண்டும் மாணவர்கள் விளையாடும் இடத்தில் வரவே கூடாது. அரிசோனாவின் விஷயத்தில் கேசினோ அங்கேயுள்ள பாஸ்குவா யாக்கி பழங்குடியினருடையது, அந்த மண்ணோடு அவர்களுக்கு இருக்கும் உறவு தனி, அதை மதிக்கிறேன். இருந்தாலும் கேசினோ என்ற சொல் ஒரு பல்கலைக்கழகச் சுவரில் இருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் 'எப்போது முறிக்கலாம்' பகுதியை முதலில் எழுதுங்கள், விலையை அப்புறம் நிரப்பலாம்.

நன்னடத்தை விதி. லூயிவில் ஸ்டேடியம் 1998 முதல் பாப்பா ஜான்ஸ் கார்டினல் ஸ்டேடியம். 2018 ஜூலையில் கம்பெனியின் நிறுவனர் ஒரு தொலைபேசிக் கூட்டத்தில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தியது வெளியே வந்தது, சில நாட்களிலேயே பல்கலைக்கழகம் பெயரை எடுத்துவிட்டது. சரியான முடிவு. ஆனால் அந்த உரிமை 2040 வரை இருந்தது, எனவே கணக்கு தீர்க்க பல்கலைக்கழகத் தரப்பு 95 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவமானப்பட்டவர் பணமும் கொடுத்தார் என்பதுதான் இதன் சுருக்கம். எனவே விதியில் கம்பெனியை மட்டும் சொல்லாதீர்கள். நிறுவனர், தலைமை அதிகாரி, பெரிய பங்குதாரர் என்று ஆட்களையும் சேருங்கள். குற்றம் நிரூபணமாக வேண்டும் என்று எழுதினால் பல வருடம் காத்திருக்க வேண்டி வரும். 'பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் கேடு என்று குழுமம் நியாயமாகக் கருதினால்' என்ற அளவுக்கு வாங்கப் பாருங்கள். கம்பெனியின் வக்கீல் எதிர்ப்பார், பதிலுக்குப் பல்கலைக்கழகம் ஊழலில் சிக்கினால் தாங்கள் விலகலாம் என்றும் கேட்பார். கொடுத்துவிடுங்கள், அது நியாயம்தான்.

திவால். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மைதானத்தில் 2013-இல் காபம் என்ற கேம் கம்பெனி 15 ஆண்டுக்கு வாங்கிய பெயர் முழுக் காலமும் நிற்கவில்லை. 2021-இல் அந்த இடத்துக்கு வந்தது எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ கம்பெனி, 10 ஆண்டுக்கு 1.75 கோடி டாலர். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவால். ஒரே புல்தரையில் இரண்டு பெயர், இரண்டுமே பாதியில் போயின. இதற்கு மருந்து: ஒவ்வொரு சீசனுக்குமான பணம் சீசன் தொடங்கும் முன்பே வரவேண்டும், டாலரில் வரவேண்டும், எழுத்துகளை இறக்கும் செலவுக்கு ஒரு தொகை முன்பணமாக வங்கியில் இருக்கவேண்டும், தவணை தவறினால் குறிப்பிட்ட நாட்களில் பெயரை எடுக்கும் உரிமை வேண்டும்.

கம்பெனி கைமாறுவது. வங்கிகள் இணைந்துகொண்டே இருக்கும். மினசோட்டா 2009-இல் டிசிஎஃப் பேங்க் ஸ்டேடியமாகத் திறந்தது. வங்கி இணைந்ததும் 2021-இல் ஹண்டிங்டன் பேங்க் ஸ்டேடியம் ஆகிவிட்டது. மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் நீளம்: 2007-இல் பிரைட் ஹவுஸ் நெட்வொர்க்ஸ், அந்தக் கம்பெனி கைமாறியதும் ஸ்பெக்ட்ரம், 2020-இல் பவுன்ஸ் ஹவுஸ், 2022-இல் எஃப்பிசி மார்ட்கேஜ், 2025-இல் அக்ரிஷர் பவுன்ஸ் ஹவுஸ். இதில் பவுன்ஸ் ஹவுஸ் என்பது ரசிகர்களே வைத்த செல்லப்பெயர், கூட்டம் ஒன்றாகக் குதிக்கும்போது அந்த இரும்புக் கட்டுமானம் ஆடும் என்பதால். கடைசியில் கம்பெனியே அந்தச் செல்லப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது, புத்திசாலித்தனம். உங்கள் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: புதிய பெயருக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கட்டாயம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்ற வரம்பு, மாற்றும் செலவு முழுவதும் கம்பெனியுடையது.

அந்தச் செலவு சின்னது என்று நினைக்காதீர்கள். சுவரில் விளக்கு எரியும் எழுத்துகளை கிரேன் வைத்து இறக்கவேண்டும். ஸ்கோர்போர்டின் சட்டம், நுழைவாயில், டிக்கெட் வார்ப்புரு, பார்க்கிங் பாஸ், பாதுகாப்பு ஊழியர் சட்டை, கேம்பஸ் வழிகாட்டிப் பலகை, நெடுஞ்சாலைத் துறையின் பலகை, கைபேசி வரைபடம் என்று ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

என்சிஏஏ சாம்பியன்ஷிப் நடந்தால் ஸ்பான்சர் பெயர்களைத் துணி போட்டு மறைக்கச் சொல்வார்கள். அந்த நாட்களுக்குக் கம்பெனி பணத்தைக் கழிக்கக் கூடாது என்று எழுதுங்கள். 2020-இல் கோவிட் காலத்தில் காலி ஸ்டேடியத்தில் ஆட்டம் நடந்ததை எல்லோரும் பார்த்தோம்; ஆட்டமே ரத்தானால் பணம் கழியுமா, ஒப்பந்தக் காலம் நீளுமா என்பதும் எழுத்தில் வேண்டும். அணி கான்ஃபரன்ஸ் மாறினால் என்ன என்பதும் அப்படியே.

ஆறாம் படி: வரியும் பத்திரமும்

சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை வக்கீலிடம் கேளுங்கள். வருமானவரிச் சட்டத்தின் 513(ஐ) பிரிவின்படி, ஸ்பான்சரின் பெயர், லோகோ, முகவரி ஆகியவற்றை வெறுமனே காட்டுவதற்கு வாங்கும் பணத்துக்குப் பல்கலைக்கழகம் வரி கட்டத் தேவையில்லை. "ஊரிலேயே குறைந்த வட்டி, இன்றே வாருங்கள்" என்று ஸ்கோர்போர்டில் ஓடவிட்டால் அது விளம்பரம், வரி விழலாம். கூட்டம் எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்துப் பணம் என்று எழுதினாலும் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கேம்பஸில் அவர்கள் பொருளை மட்டுமே விற்கலாம் என்ற தனி உரிமைக்கான பங்கும் இதில் அடங்காது.

இன்னொன்று, ஸ்டேடியம் வரிவிலக்குக் கடன்பத்திரத்தில் கட்டியதா என்று பாருங்கள். அப்படியானால் தனியார் வணிகப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு, மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக 10 சதவீதம், லாபநோக்கற்ற தனியார் பல்கலைக்கழகத்துக்கு 5 சதவீதம். பெயர் விற்பது அந்தக் கணக்கில் சேரக்கூடும். பத்திரங்களைக் கையாளும் வக்கீலை அறிவிப்புக்குப் பிறகு கூப்பிட்டால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

ஏழாம் படி: அறிவிப்பும் அதற்குப் பின்னும்

செய்தி கசியும் முன்பு தெரியவேண்டியவர்களுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள்: பழைய பெயருக்குரிய குடும்பம், பெரிய நன்கொடையாளர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், மாணவர் தலைவர்கள். பணம் எங்கே போகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'நிதி ஆதாரத்தை வலுப்படுத்த' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். கழிப்பறைகளைப் புதுப்பிக்கிறோம், வீரர்களுக்குப் பங்கு கொடுக்கிறோம் என்று சொன்னால் கோபப்படுபவர்கள்கூடக் காது கொடுப்பார்கள். ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டின் ஸ்டேடியத்துக்கு 2022-இல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று 10 ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுத்தபோது, மருத்துவமனைப் பணம் ஏன் இதற்குப் போகிறது என்ற கேள்வி வந்தது. வாங்குபவருக்கும் பதில் தயாராக இருக்கவேண்டும், அதை நீங்கள்தான் உட்கார்ந்து சேர்ந்து தயாரிக்கவேண்டும்.

ஒப்பந்தம் ஓடத் தொடங்கியதும் ஆண்டுக்கு ஒருமுறை, சீசன் முடிந்ததும், கம்பெனிக்குக் கணக்குக் காட்டுங்கள்: டிவியில் பெயர் எத்தனை ஆட்டத்தில் வந்தது, எத்தனை மாணவர் கணக்குகள் திறந்தார்கள், தருவதாகச் சொன்னதில் எது விட்டுப்போனது. காலம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போதே புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அவர்கள் தயங்கினால், சுவரில் ஒரு பெயர் எரிந்துகொண்டிருக்கும்போதே அடுத்தவரிடம் பேச உங்களுக்கு நேரம் கிடைக்கும். 'முதல் உரிமை எங்களுக்கே' என்ற விதியை ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தால் அதற்கு 60 நாள் மாதிரி ஒரு கெடு இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.